பெனினாவின் சாட்சி

பெனினா அப்பா,

பாப்பாவுக்கு மறுபடியும் வலிப்பு வந்துடுச்சு. இப்ப நின்னுடுச்சு, ஆனா கண்ணைத் திறக்க மாட்டேங்குறா. பக்கத்து வீட்டு மஞ்சுளா ஆட்டோ பிடிக்க ஓடியிருக்கா. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். கம்பெனியில உங்க போன் லாக்கர்ல இருக்கும், அதான் எழுதி வைக்கிறேன். வந்ததும் கூப்பிடுங்க.

பாப்பாவை இயேசு சுகமாக்கிட்டார்னு சபையில சாட்சி சொன்னீங்க. இனிமே மாத்திரை கொடுத்தா சாட்சி பொய்யாயிடும்னு டப்பாவோட குப்பையில போட்டீங்க. நான் அழுததுக்கு அவிசுவாசின்னு திட்டினீங்க. அந்த அவிசுவாசிதான் இப்ப "இயேசப்பா, இயேசப்பா"ன்னு பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

சோறு ஆக்கலை. காலையில வச்ச ரசம் மட்டும் இருக்கு. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு கிடக்கு, துடைச்சிடுங்க. சாயங்காலம் நம்ம வீட்டுல நடக்கிற ஜெபக் கூட்டத்துக்குப் பாய் மாடியில காயுது.

உங்க சாட்சியைக் கேட்கத்தான் ஊத்தங்கரையிலிருந்து காவேரி அக்கா தன் மகளோட கூட்டத்துக்கு வராங்க. அந்தப் பொண்ணுக்கும் இதே வியாதி. ஞாபகம் இருக்கில்ல?

இப்பதான் அக்காவே போன் பண்ணினாங்க. போன வாரம் நீங்க பேசினதைக் கேட்டு அவங்களும் மாத்திரையை நிறுத்திட்டாங்களாம்! மாத்திரையைக் கொடுங்கக்கான்னு கத்தினேன். "அண்ணன் சொல்லட்டும்"னு போனை வச்சிட்டாங்க.

ஆட்டோ வந்துடுச்சு.

உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். முதல் பாட்டுக்கு முன்னாடியே, எல்லார் முன்னாடியும், பெனினா இப்ப எங்கே இருக்கான்னு சொல்லுங்க. அதுவும் சாட்சிதான்.