கூடையில் கிடந்த பூதக்கண்ணாடி

அன்புள்ள தங்கைக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் நடுவில் காணாமல் போய்விடும். அதனால்தான் கடிதம்.

உன் உடம்பு தேவலையா? இங்கே வீடு பார்த்தாகிவிட்டது. இரண்டு அறை, ஒரு கூடம். சமையலறை ஜன்னல் சரியாக மூடவில்லை; சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் நீ வந்ததும் மூன்று பேரும் அங்கே ஒன்றாக இருப்பதாகப் பேச்சு. அந்தப் பேச்சைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நாள் முழுக்க ஓட்டல்களிலிருந்து வரும் அழுக்குப் படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் போடுகிறவன் நான். ஊரார் அழுக்கு எனக்குப் புதிதில்லை. ஆனாலும் உன் வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்ததும் பல்லைக் குத்தி, குத்தி எடுத்ததை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு மேஜை விளிம்பில் தடவி வைக்கிறாரே, அதற்கு மட்டும் இன்னும் பழகவில்லை. நல்லவேளை, அது வேலையிடத்துச் சாப்பாட்டு மேஜையோடு சரி; இதுவரை வேறு வேறு விடுதி.

வேலை முடிந்ததும் இருவரும் டேனிஷ் வகுப்புக்குப் போகிறோம். தேறினால்தான் வேலை நிலைக்கும். நிலவறை மாதிரி ஓர் அறை, ஈரக் காலுறை நாற்றம். இரண்டு பட்டம் வாங்கியவன், முழங்கால் இடிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து என் பேனா, உன் பேனா, அவள் பேனா என்று ஒப்பிக்கிறேன். அந்த மொழியில் 'என்' என்பதுகூடப் பொருளுக்குப் பொருள் மாறும். ஒன்றுக்கு மீன், இன்னொன்றுக்கு மிட், பலவானால் மீனெ. டீச்சர் மீன் என்று சொல்லும்போதெல்லாம் உன் வீட்டுக்காரர் என் விலாவில் இடித்து, கிலோ என்ன விலைன்னு கேளுங்க மச்சான் என்கிறார். முதல் தடவை சிரித்துத் தொலைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

போன செவ்வாய்க்கிழமை டீச்சர் ஒரு பிளாஸ்டிக் கூடையைச் சுற்றில் விட்டார். பையில் இருப்பதில் ஏதாவது ஒன்றை ஒவ்வொருவரும் போட வேண்டும். பிறகு கையை விட்டு அகப்பட்டதை எடுத்து, யாருடையது என்று விசாரித்து, இது உன்னுடையது என்று சொல்லித் திருப்பித் தர வேண்டும். சாவி, சீப்பு, ஒற்றைக் கையுறை என்று போய்க்கொண்டிருந்தது. என் கைக்கு வந்தது அப்பாவின் பூதக்கண்ணாடி.

அச்சகத்தில் பிழை திருத்தியே அப்பா கண்ணைக் கெடுத்துக்கொண்ட காலமெல்லாம் அவர் சட்டைப்பையில் இருந்தது. மடக்குகிற பித்தளைக் கைப்பிடி. ஆணி கழன்ற இடத்தில் அவரே முறுக்கிவிட்ட செம்புக் கம்பி. எனக்கு அடையாளம் தெரியாதா? அவர் போன செய்தி வந்த அன்று நான் உன்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். அப்பா கையிலேயே வைத்து அனுப்பிவிட்டோம் அண்ணா என்றாய். கிளம்பி வர முடியாமல் கிடந்த அந்த வாரத்தை அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. அதை உன் வீட்டுக்காரரிடம் நீட்டி, இது உன்னுடையது என்று அவர்கள் மொழியில் சொன்னேன். உச்சரிப்பு பிரமாதம் என்று டீச்சர் கைதட்டினார். இவர் வாங்கி, கைப்பிடி முனையைக் காதுக்குள் விட்டுக் குடைந்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். 

பஸ் நிறுத்தத்தில் பிடித்துக் கேட்டேன். மனிதர் அசரவே இல்லை. உங்ககிட்ட காட்டக் கூடாதுன்னு உங்க தங்கச்சி சொல்லியிருந்தா மச்சான், பையில வேற ஒண்ணும் இல்லை, நினைப்பில்லாம போட்டுட்டேன் என்றார். மாமாவே கூப்பிட்டுக் கொடுத்தாராம். எனக்காக முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கியே, பேப்பராவது படி என்றாராம். மூச்சு விட்டுத் துடைக்காதே, பித்தளை கறுத்துப்போகும் என்றும் சொன்னாராம்.

அந்தக் கடைசி வாக்கியம் அப்பாவுடையது. சின்ன வயதில் நான் அதைத் தொடும்போதெல்லாம் எனக்குச் சொன்னது. அப்படி ஒன்றைச் சொந்தமாக ஜோடிக்கும் அளவுக்கு உன் வீட்டுக்காரருக்கு மூளை கிடையாது, உனக்கே தெரியும்.

இங்கே வருவதற்கு முன், படுத்துவிட்ட அப்பாவை அவர்தான் தூக்கி உட்கார வைத்தார், மலஜலம் எடுத்தார், முகம் சுளிக்கவில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதற்காக?

ஒன்று செய். அவர் பொய் சொல்கிறார், அப்பா கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார் என்று ஒரு வரி எழுதிவிடு. நான் நம்பிக்கொள்கிறேன். அவரையும் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அந்த வீட்டின் ஒரு மூலையில் நானும் இருந்துவிட்டுப் போகிறேன். எழுத மனம் வரவில்லையென்றால் சாவியை உங்கள் இருவரிடமும் கொடுத்துவிட்டு நான் விடுதியிலேயே கிடக்கிறேன்.

கம்பளிச் சட்டையைப் பெட்டியில் அடைக்காதே, கையில் வைத்துக்கொள்; இறங்கியதுமே குளிரும். நல்லபடியாக வந்து சேர்.

கீழே அன்பு அண்ணன் என்று எழுதப் பேனாவை வைத்தேன், ஓடவில்லை. எழுத்தைப் பார்த்தாலே உனக்கு ஆளைத் தெரியும். ஒன்றும் போடாமல் இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.