ஏழாவது தொக்கே

அன்பு மருமகளே,

நீ உன் அம்மாவோடு, அதாவது என் அக்காவோடு, சண்டை போட்டு ஜகார்த்தாவுக்குப் போனதும் அவள் உன் அறையைப் பூட்டிவிட்டாள். உள்ளே கூண்டில் உன் தொக்கே பல்லி இருந்தது ஒரு மாதம் கழித்துத்தான் நினைவு வந்தது. வால் நூலாகிக் கிடந்த அந்த மகாராஜாவை, ஜாவாவின் தலைசிறந்த வைத்தியனாகிய நான் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, பப்பாளிச் சாறும் சுவர்க்கோழியும் ஊட்டித் தேற்றினேன்.

"அவ பல்லிக்கு ராஜவைத்தியமாடா?" என்றாள் உன் அம்மா.

இன்று காலை மகாராஜா வாய் திறந்து, தன் பெயரையே "தொக்கே! தொக்கே!" என்று கூவினார். மெராப்பி எரிமலையே எழுந்து உட்கார்ந்திருக்கும்! அடுப்படியில் அக்கா, தொக்கேயின் கூவலை எண்ணிக் குறி பார்க்கும் நம் வழக்கப்படி, ஒவ்வொன்றுக்கும் முணுமுணுத்தாள்: "வருவா... வரமாட்டா..."

ஆறாவது கூவலில், "வரமாட்டா"வில், அவர் நிறுத்திவிட்டார்.

அக்காவின் கரண்டியும் நின்றது. பிறகு, சத்தியமாக, அவளே பல்லிக் குரலில் கூவினாள்:

"தொக்கே!"

இப்படிக்கு,
உன் மாமா