ஸ்டேஷனில் அவன் சொன்னது

ஃப்ளோரன்ஸுக்கு,

நான் இல்லாத கிறிஸ்துமஸில், நம்முடைய அந்தக் கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படத்தை நம் மகன் ஜெரால்ட் உனக்குத் தமிழ் டப்பிங்கில் போட்டுக் காட்டியது தப்பு. உன் முழங்கால் வலி தேவலையா? மாதாவிடம் தினமும் வேண்டுகிறேன்.

"இன்னாய்யா, நீ சொன்னது ஒண்ணு, படத்துல கீறது ஒண்ணு" என்று போனில் சிரித்தாய். ராயபுரத்து வீட்டில் வருஷா வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தைத் தமிழில் சொன்னவன் நான். படம் முழுக்கக் கதாநாயகனோடு சண்டை போட்டவள் கடைசியில் ஸ்டேஷனில் ரயிலேறும்போது அவன் ஓடிவந்து, "கோச்சுக்காத கண்ணு, வூட்டுக்கு வா" என்பான். நீ ஒவ்வொரு முறையும் அழுவாய். டப்பிங்காரன் "உன்னை உயிராய்க் காதலிக்கிறேன்" என்கிறானாம். ஸ்டேஷனில் எவன் அப்படிப் பேசுவான்? நான் சொன்னதுதான் சரி.

இங்கே மஸ்கட் பட்டறையில் ஏணி சறுக்கிக் கணுக்கால் கொஞ்சம் வீங்கியது. பயப்படாதே, நடக்கிறேன். லீவு இந்தத் தடவையும் கிடையாதாம். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, நான் என்ன செய்ய? நேற்று அறையில் அந்தப் படத்தைப் போனில் போட்டேன். கேட்க நீ இல்லாததால் வசனம் வாயில் வரவில்லை.

வேன் வந்துவிட்டது. லீவில் வந்திருக்கும் பக்கத்து வீட்டு வில்சன் இங்கே திரும்பும்போது அவனிடம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு. ஜெரால்ட் அந்த டப்பிங்கை அழிக்க வேண்டும். மருமகள் சாண்ட்ரா ஞாயிற்றுக்கிழமை பழைய படத்தைப் போட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, எனக்குப் போன் போட வேண்டும். வசனம் நான் சொல்வேன். ஸ்டேஷன் வந்ததும் நிறுத்திக்கொள்வேன். அங்கே அவன் பேசுவதை நீ சொல்ல வேண்டும்.

அலோசியஸ்