அமிர்தவள்ளிக்கு மிச்சமிருந்த பற்கள்

சேசு மரி சூசை துணை

ஆம்பூர், 1932 நவம்பர் 9

அன்புள்ள மகன் ரத்தினசாமிக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ரங்கூனில் நீ சுகம்தானா, அந்த வயிற்றுவலி விட்டதா என்று எழுது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் தங்கை அமிர்தவள்ளி விஷயமாகத்தான் அப்பாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

அவள் காதில் யாரோ பேசுவதும் அவள் சுவரோடு சண்டை போடுவதும் நீ கப்பல் ஏறுமுன்பே தொடங்கிய வியாதி. ஆடி மாசத்திலிருந்து தாடைக்குள் எவனோ ஆணி அடிக்கிறான் என்று புதிதாக அலற ஆரம்பித்தாள், கன்னத்தில் அறைந்துகொள்வாள், சோற்றைத் துப்புவாள். பைத்தியம் ஜாஸ்தியாகிவிட்டது என்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினோம், கையைக்கூடக் கட்டிப்போட்டோம். பெற்றவள் நான், ஒரு நாளாவது அந்த வாயைத் திறந்து பார்த்தேனா? ஒடுகத்தூரிலிருந்து உன் சின்னம்மா ரங்கம்மாள் வந்து அவளைக் கட்டிக்கொண்ட உடனே, இன்னாக்கா, இவ வாய்ல இப்படி சீழ் நாத்தம் அடிக்குது, உனக்கு மூக்கே இல்லியா என்று கேட்டுவிட்டாள். எனக்கு மூக்கு எங்கே இருக்கிறது? தோல் பதனிடுகிற உன் அப்பாவோடும் அந்தக் கிடங்குச் சுண்ணாம்புத் தொட்டியோடும் இருபது வருஷம் குடித்தனம் பண்ணியதில் அது செத்தே போயிற்று. ஏதாவது நாற்றம் வந்தாலும் உன் அப்பா வேட்டியில் வந்தது என்றுதான் நினைத்தேன். பார்த்தால் கடைவாய்ப் பல் இரண்டும் வேர்வரை அழுகியிருந்தன. இரண்டு மாசமாய் அவள் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறாள், ராசா.

வேலூருக்குக் கொண்டுபோய் அந்த இரண்டையும் பிடுங்கினோம். அப்புறம் பத்து நாள் நம் பழைய அமிர்தம் வந்துவிட்டாள். வயிறாரச் சாப்பிட்டாள், தானே தலை வாரினாள், அண்ணன் காயிதம் வந்துச்சா என்று கேட்டாள். உன் அப்பா அழுதுவிட்டார். பைத்தியமே பல்லில்தான் இருந்தது என்று முடிவு கட்டிவிட்டார். அதற்கேற்றாற்போல் யாரோ ஒரு டாக்டரும் அகப்பட்டான், பல் விஷம்தான் மூளைக்கு ஏறுகிறது, சீமையில் எல்லாவற்றையும் எடுத்துத்தான் குணப்படுத்துகிறார்கள் என்றான். ஒரு சொத்தையும் இல்லாத மிச்சப் பற்களையெல்லாம் நாலு தடவையாகப் பிடுங்கினார்கள். தலையைப் பிடித்துக்கொண்டது நான்தான். அம்மா இது வலிக்கலியே, இது வலிக்கலியே என்று ஒவ்வொரு பல்லுக்கும் சொன்னாள். இருபத்திரண்டு வயசுப் பெண் இப்போது கஞ்சியும் குழைந்த சோறும் தின்கிறாள். காதில் பேச்சும் பழையபடி திரும்பி வந்துவிட்டது.

இனி தொண்டைச் சதையையும் அறுக்க வேண்டும் என்கிறானாம் அந்த டாக்டர். கிறிஸ்துமஸ் கழிந்ததும் கூட்டிப்போவதாக அப்பா நாள் குறித்திருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, அந்தப் பத்து நாளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். நான் சொன்னால் பொம்பளைப் பேச்சு என்பார், நீ எழுதினால் கேட்பார். வேண்டாம் என்று உடனே எழுது, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, நம் ஊர் ஆள் யாரோ சொன்னதாக இருக்கட்டும்.

நேற்று அவள் ஈறு சிவந்திருந்ததைப் பார்த்து, வலிக்கிறதா கண்ணு என்று கேட்டேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, இல்லை, எனக்கு எங்கியும் வலிக்கலை என்கிறாள். ஈறு வீங்கித்தான் இருக்கிறது, ஆனால் தொட விடமாட்டேன் என்கிறாள்.

ஆண்டவர் உன்னை நோய் நொடியில்லாமல் காப்பாராக. படுக்குமுன் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளி, பல்லில் வலி வந்தால் தள்ளிப்போடாதே. அப்பாவுக்கு எழுதும்போது மறக்காமல் அமிர்தத்துக்கும் தனியாக இரண்டு வரி எழுது, நான் வாசித்துக் காட்டுகிறேன். வலித்தால் சொல்லு, வீட்டில் நம்புவார்கள் என்று எழுது. நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

உன் அம்மா
தே. ஆரோக்கியமேரி