இரண்டு நல்ல டயர்களை எங்கே போடுவது

வியாசர்பாடி,
5.3.2004, வெள்ளி.

அன்பு மகள் மகிழினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி பீம்ராவ் மூவரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை மதியும் குழந்தை அம்முவும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதைப் பதிலில் முதல் வரியாக எழுது, மற்றதெல்லாம் பிறகு. காருக்குக் கோடை டயர் வாங்குவது பற்றி நீ கேட்டு எழுதிய கடிதமும் அதனுடன் வைத்திருந்த ஜெர்மன் பத்திரிகைப் பக்கமும் கிடைத்தன. ஃபோனில் சொல்லலாம் என்றால் பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துச் சொல்ல வந்ததை மறந்துவிடுகிறேன், அதனால் எழுதுகிறேன். ஈஸ்டர் சமயத்தில்தான் டயர் மாற்றுவீர்கள் என்பதால் இது அதற்குள் உன் கைக்கு வந்துவிடும். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று, எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. வீட்டுச் செய்திகள்.
2. கோடை டயர் பற்றி எனக்குப் புரிந்த அளவு.
3. மலிவான டயருக்கும் உயர்ந்த டயருக்கும் உள்ள வித்தியாசம்.
4. நான்கில் இரண்டை மட்டும் உயர்ந்ததாக வாங்கி, அவற்றை முன்னால் போடலாம் என்ற என் யோசனை.
5. ஞாயிற்றுக்கிழமை தீனாவின் காரில் செய்து பார்க்கப்போகும் சோதனை (நடந்த பிறகு எழுதுவேன்).
6. பொதுவான புத்திமதிகள்.

வீட்டில் தண்ணீர் இன்னும் லாரியில்தான் வருகிறது. அம்மாவின் முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் லாரி ஹாரன் கேட்டால் அந்த வலி எங்கே போகிறது என்று தெரியவில்லை, எனக்கு முன்னால் கீழே இறங்கிவிடுகிறாள். பீம்ராவுக்கு மாதவரத்தில் கன்டெய்னர் கிடங்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இனிமேலாவது அவனிடம் கல்யாணப் பேச்சை எடுங்கள் என்று அம்மா என்னை அனுப்பினாள், நான் போய் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். நீ கேட்ட கருவாடு வாங்கி வைத்திருக்கிறோம், யாராவது வந்தால் கொடுத்தனுப்புவோம். போன தடவை அதை வறுத்தபோது கீழ்வீட்டு அம்மாள் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய், இந்தத் தடவை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வறு.

இரண்டாவது விஷயம். நான் டயர் கம்பெனியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். திருவொற்றியூரில் இத்தனை வருடம் நான் பார்த்தது லேபரட்டரியில் ரப்பர் துண்டுகளை, டயரை அல்ல. துண்டின் கடினம் எவ்வளவு, இழுத்தால் எங்கே அறுகிறது, அவ்வளவுதான். அதுவும் பெரும்பாலும் லாரி டயருக்கான ரப்பர். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது உனக்குத் தெரியும், சைக்கிளையே பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவன். கோடை டயர் என்று தனியாக ஒன்று இருப்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது, நம் ஊரில் எல்லா டயரும் கோடை டயர்தான். நான் புரிந்துகொண்டது இது. பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்படுகிறது, வெயில் வந்தால் அது அளவுக்கு மேல் இளகிக் காரைத் தள்ளாட வைக்கும். கோடை டயர் வெயிலில் உறுதியாக நிற்கும், குளிரில் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துவிடும். ஆகவே மாற்றிய பிறகு ஒருநாள் திடீரென்று பனி விழுந்தால் அன்றைக்கு டிராமில் போ, லீவு போட்டாலும் தவறில்லை.

மூன்றாவது. நீ அனுப்பிய பக்கத்தில் ஜெர்மன் எனக்குப் புரியவில்லை, கோடுகளின் நீளத்தை மட்டும் வைத்துப் படித்தேன். காய்ந்த சாலையில் மலிவு டயரின் கோடும் உயர்ந்த டயரின் கோடும் ஏறக்குறைய சமம். ஈரச் சாலையில்தான் மலிவு டயரின் கோடு படத்தை விட்டே வெளியே போகப் பார்க்கிறது. மதி பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஒரே வேகத்தில் வந்து ஒரே இடத்தில் பிரேக் போட்டதில், உயர்ந்த டயர் நின்றுவிட்ட இடத்தை மலிவு டயர் நம் ஊர் பஸ் வேகத்தில் தாண்டிப்போயிருக்கிறது. காரணம் ரப்பரில் கலக்கும் சரக்கு. உயர்ந்ததில் கார்பன் கறுப்புக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா சேர்க்கிறார்கள், அது ஈரத்தில் சாலையைப் பிடிக்கிறது, சேர்ப்பது கடினம், அதனால் விலையும் அதிகம். மலிவானதில் கறுப்பும் எண்ணெயும் தாராளமாக இருக்கும். இங்கே கடைகளில் டயரை நகத்தால் அழுத்திப் பார்த்து, கல்லு மாதிரி கீது என்றால் அது பாராட்டு. சுமை தூக்கும் லாரிக்கு அது சரி. வேகமாக ஓடும் சிறிய காருக்குக் கல் எதற்கு என்று நானும் இப்போதுதான் யோசிக்கிறேன். உயர்ந்தது கொஞ்சம் சீக்கிரம் தேயலாம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். மலிவானதே நான்கும் போதும் என்று மதி சொல்கிறார், நான்கும் உயர்ந்ததாக வேண்டும் என்று நீ சொல்கிறாய், அப்பா சொல்வதுபோல் செய்கிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை. யார் மனமும் நோகாத வழி ஒன்று தோன்றியது. இரண்டு உயர்ந்தது, இரண்டு மலிவு. நல்ல இரண்டையும் முன்னால் போட வேண்டும். உங்கள் கார் முன் சக்கரத்தால் இழுக்கும் கார், ஸ்டியரிங்கும் முன்னால், பிரேக் பிடித்தால் பாரமும் முன்னால்தான் விழும். பின் சக்கரங்கள் கூடவே வருகின்றன, அவ்வளவுதான். இங்கே லாரியானாலும் டாக்சியானாலும் புது டயர் வந்தால் முன்னால் போட்டுத் தேய்ந்ததைப் பின்னால் தள்ளுவார்கள், எலுமிச்சம்பழம்கூட முன் சக்கரத்துக்குத்தான் வைக்கிறார்கள். உன் மாமன் மகன் தீனா பதினைந்து வருடமாக டாக்சி ஓட்டுகிறவன், அவனிடம் கேட்டேன். "முன்னாடி வெடிச்சா வண்டியே போச்சு மாமா, பின்னாடின்னா ஓரமா வுட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்து மாத்திக்கலாம்" என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

இன்று ஞாயிறு மாலை. ஐந்தாவதை எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தீனா புதுப்பேட்டையில் ஏதோ வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய உயர் ரக டயர் இரண்டு வாங்கியிருந்தான், அதிகம் தேயாதவை. அவற்றைத் தன் எஸ்டீம் காரில் முன்னால் போட்டான், அதுவும் முன் சக்கரத்தால் இழுக்கும் கார்தான். பின்னால் இருந்தது, போன வருடம் வாங்கிய மலிவான ஜோடி, அதிலும் பட்டன், அதாவது டயரின் மேல்வரி, தேயாமல் நன்றாகவே இருந்தது. அதாவது நான் உனக்குச் சொன்ன அதே அமைப்பு. அவன் தோஸ்து ரஷீது, எண்ணூர் போகும் வழியில் ஒரு யார்டில் நிலக்கரித் தூசு அடங்கத் தண்ணீர் தெளிக்கும் லாரி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை யார்டு காலி. அவன் தரையை நனைத்துத் தருவதாக ஏற்பாடு. லாரி உள்ளே திரும்பியதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் குடத்தோடு பின்னாலேயே வந்துவிட்டார்கள். ரஷீது தரையில் தண்ணீரைத் திறந்துவிட்டதும் குப்பம்மா என்ற பெண் இடுப்பில் குடத்தோடு லாரிக்கு முன்னால் வந்து நின்றாள். "இன்னாய்யா, குடிக்கத் தண்ணி இல்லாம நாக்கு தள்ளிகினு கீறோம், நீ ரோட்டக் குளிப்பாட்டினு கீறியா?" என்றாள். "கழிமுகத்து உப்புத் தண்ணி யக்கா, நம்பலன்னா வாயில வெச்சுப் பாரு" என்றான் ரஷீது. அவள் நம்பவில்லை, வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு, "அப்போ இந்தப் பெர்சு இன்னாத்துக்கு ரோட்டையே மொறைச்சுகினு கீது?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள். ஜெர்மனியில் அவர் பொண்ணு டயர் வாங்கப் போவுது, அதுக்கு, என்றான் தீனா. "ஜெர்மனில டயர் வாங்க எண்ணூர்ல இன்னாத்துக்குடா ரோட்ட நனைக்கிறீங்கோ?" என்றாள். பெண்கள் குடங்களைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

முதலில் நேராக ஓடவிட்டுப் பிரேக் போட்டோம். நான் பின் சீட்டில் இருந்தேன், முன்னால் உட்கார எனக்கு எப்போதும் பயம். ஈரத்தில் நன்றாக நின்றது. "பாத்தியா மாமா, ஆணி அடிச்ச மாதிரி நிக்குது" என்றான் தீனா. என் யோசனை சரியாகிவிட்டது என்று மனம் குளிர்ந்து போனேன். அத்தோடு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி முடிந்திருக்கும். சாலை என்றால் வளைவும் இருக்குமே, அதையும் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். யார்டின் கோடியில் அதே வேகத்தில் திருப்பினான், திருப்பும்போது வேகம் அதிகம் என்று தோன்றி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். காரின் முன்பக்கம் அவன் சொன்னபடி திரும்பியது. பின்பக்கம் திரும்பவில்லை, அது தன் வழியில் போனது. என் ஜன்னலில் முதலில் லாரி தெரிந்தது, அப்புறம் கழிமுகம், அப்புறம் குப்பம்மா, அப்புறம் மறுபடியும் லாரி. நின்றபோது வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் பக்கத்துக் கதவைத் திறக்கப் பார்த்தேன், அடுக்கி வைத்திருந்த கன்டெய்னரில் இடித்தது, மறுபக்கமாக இறங்கினேன். பெண்கள் ஓடி வந்தார்கள். குப்பம்மா என் சட்டையில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு, "பெரியவரே, பொண்ணாண்ட பஸ்ஸுல போவச் சொல்லு" என்றாள்.

தீனா இறங்கிக் காரை ஒரு முறை சுற்றிப் பார்த்தான். பிறகு, "ஸ்டேரிங்ல ஒண்ணுமே தெரியல மாமா, அது பாட்டுக்குப் பின்னாடி வந்துச்சு" என்றான். அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். டயர்களை மாற்றிப் போடச் சொன்னேன், நல்லது பின்னால், மலிவு முன்னால். ஊர்ல எவனாச்சும் பாத்தா சிரிப்பான் மாமா என்று சொல்லிக்கொண்டே போட்டான். நான் மறுபடியும் பின் சீட்டில் ஏறினேன், மறுபடியும் ஏறியதை அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அதே வளைவு, அதே ஈரம். இந்தத் தடவை முன்பக்கம் வழுக்கி, திரும்ப வேண்டிய அளவு திரும்பாமல் அகலமாகப் போனது. ஸ்டியரிங் லேசானதைத் தீனா உடனே உணர்ந்தான், பயத்தில் காலை எடுத்தான், எடுத்ததும் கார் அடங்கி வளைவுக்குள் வந்துவிட்டது. பெண்கள் ஏமாந்துபோய்க் குடங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வித்தியாசம் இதுதான் மகிழினி. முன்னால் வழுக்கினால் கையில் தெரியும், பயந்தவர் செய்வதே அதற்கு மருந்தாகிவிடும். பின்னால் வழுக்கினால் கையில் தெரியாது, பயந்தவர் செய்வது அதை மோசமாக்கும். பதினைந்து வருடம் ஓட்டியவனாலேயே பிடிக்க முடியவில்லை. நீ தினமும் அம்முவைக் காப்பகத்தில் விட அந்த வேகச் சாலையில்தான் போகிறாய். அவள் இருக்கை பின்னால் ஜன்னல் ஓரமாகக் கட்டியிருப்பதைப் போன மாதம் அனுப்பிய போட்டோவில் பார்த்தேன். இன்று நான் இருந்த இடம் அது.

கடிதத்தின் முன் பக்கங்களைக் கிழித்துவிட்டுச் சுத்தமாக எழுதி அனுப்புங்கள் என்று அம்மா சொன்னாள். கிழிக்கவில்லை. அதில் நான் கொடுத்திருக்கும் காரணங்களைக் கேட்டால் யாருக்கும் சரியாகத்தான் படும், மதியும் ஒருநாள் அதே காரணங்களைச் சொல்லக்கூடும், அப்போது இதை எடுத்துக் காட்டு. அங்குள்ள கடைக்காரருக்கு இது முன்பே தெரிந்திருக்கலாம். தெரிந்திருந்தால் நான் எழுதியது வீண், வீணாகவே போகட்டும். நான் யார் பக்கமும் பேசுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கும் ஒரே மாதிரி, நான்கும் உயர்ந்ததாக வாங்குங்கள். எந்தக் காரணத்தாலாவது இரண்டுதான் முடியும் என்றால் அந்த இரண்டும் பின்னால். மதிக்கு வருத்தம் என்றால் என்மேல் வருத்தப்படட்டும், கடிதத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்.

ஆறாவது. டயரின் பக்கத்தில் கடைசி நான்கு எண்கள் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று சொல்லும், பழைய இருப்பை உன் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள். காற்றைக் கார் ஓடாமல் ஆறியிருக்கும்போது பார். புது டயர் முதல் சில நாட்கள் வழவழப்பாக இருக்கும், மெதுவாகப் போ. உயர்ந்த டயர் என்ற தைரியத்தில் வேகத்தைக் கூட்டாதே, கூட்டினால் அதற்குக் கொடுத்த பணத்தின் பயனெல்லாம் வேகத்திலேயே போய்விடும்.

மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, நிறைவாக வாழ அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். அம்முவுக்கு அம்மாவின் முத்தம். டயர் போட்டு முடித்ததும் எது எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுது, அதுவரை அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள், நானும்தான். ஜெய் பீம்.

நான்காவதாக நான் எழுதியது தவறு.

இப்படிக்கு,
உன் அப்பா,
கோ. ஜெயவேல்