அம்மாவுக்காக நான் சொன்ன பதில்

அரை டம்ளர் டீ குடித்த பிறகே எதற்கும் பதில் சொல்லும் என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்து, போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது அப்பா.

முன்பெல்லாம் நான் ஓயாமல் பேசும்போது, "யாராவது இந்த ரேடியோவைக் கொஞ்சம் குறைங்க" என்பீங்க. இப்போது அப்படிச் சொல்ல ஆளில்லை. ரேடியோவும் தானாக நின்றுவிட்டது. பள்ளியில் மட்டும், யார் என்ன கேட்டாலும் கேட்டு முடிப்பதற்குள் என் பதில் வந்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். அவர்களில் ஒருத்தியிடம்கூட நேற்று நடந்ததைச் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இந்த வாய்தானே உதவியது? டாக்டர் கேட்டதும் நீங்க, "இரு, இப்பதான் கேள்வி உள்ள போகுது" என்றீங்க. அதற்குள் எங்கே வலி, எப்போதிலிருந்து என்று நானே ஹிந்தியில் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமைப்பட்டீங்க. நான் சொன்னது சரிதானா அப்பா? நீங்க சொல்ல வந்தது வேறு ஏதாவது இருந்ததா?

நேற்று உங்க ஆபீசுக்குப் போனோம். நீங்க ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலில் வேலை பார்த்ததால் அம்மாவுக்கு ஆபீசில் ஒரு வேலை தரலாம் என்றார் உங்க மேலதிகாரி சாப். "உங்கம்மா செய்வாங்களா?" என்று என்னிடம் ஹிந்தியில் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளிடம் கேட்கவே இல்லை. "அம்மாவுக்கு ஹிந்தி வராது, தனியா பஸ் ஏறவே பயம், நாங்க மெயின்லேண்டுக்கே போயிடுவோம்" என்று மடமடவென்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அம்மா ஒன்றும் புரியாமல் சாபைக் கும்பிட்டாள்.

வெளியே வந்ததும், "என்னடி சொன்ன?" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றோம்னேன்." அந்தப் பொய்யும் உடனே வந்தது.

"எதுக்குடி யோசிக்கணும்? பெருக்குற வேலைன்னாலும் செய்வேன். இந்த ஊரை விட்டு எங்க போறது? உங்கப்பா இந்த மண்ணுக்குள்ளதான படுத்திருக்காரு."

இன்று சாயங்காலம் உண்மையைச் சொன்னேன். முதல்முறையாக வார்த்தை கிடைக்காமல் தேடித் தேடிச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "செய்றேன்னு ஹிந்தியில எப்படிடி சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

நாளை மறுபடியும் போகிறோம். அதற்குள் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்திருந்தால்? பத்துபஸ்தியில் இருக்கும் இந்த வீட்டைக் காலி செய்து, உங்களை இங்கேயே விட்டுவிட்டு நாங்கள் எப்படிக் கப்பல் ஏறுவது?

அம்மா தூங்கவில்லை அப்பா. அடுக்களையிலிருந்து குரல் கேட்கிறது. "மே... மே கரூங்கி. மே கரூங்கி, சாப்." பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து. உங்களைப் போலவே மெதுவாக.

நாளை அவள் எந்த வார்த்தையில் நின்றாலும் நான் எடுத்துக்கொடுக்க மாட்டேன். சாப் என்னைப் பார்த்தால் நான் அம்மாவைப் பார்ப்பேன். கேள்வி அவளுக்குள் போய், பதில் வெளியே வரும்வரை காத்திருப்பேன்பா.

வாயை மூடிப் பழகும்,
உங்கள் மகள் ரேடியோ