அக்காவின் ஓட்டை இலைச் செடி

நினைத்தால் பிரியமும் கோபமும் ஒன்றாகவே வருகிற என் சாந்தி அக்காவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. போனவர்களுக்கு எழுதும்போது நல்ல சேதியாகத்தான் எழுத வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது உன் செடியைப் பற்றிய புகார்தான்.

உன் காரியம் முடிந்த மறுநாள், திண்டிவனத்து வீட்டு ஹாலில் மார்பு உயரத்துக்கு நின்ற உன் மான்ஸ்டெராவை நான்தான் கேட்டு வாங்கினேன். அந்தப் பெயர் வாயில் நுழையாமல் உன் வீட்டுக்காரர் இன்றைக்கும் 'ஓட்டை எல செடி' என்றுதான் சொல்கிறார். "நான் பாத்துக்கறேன் மாமா, உங்களுக்கு எதுக்கு இந்த பேஜாரு" என்று பெரிய மனுஷி போலச் சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினேன். "இன்னாம்மா, தோப்பையே தூக்கிக்கினு போறீங்க?" என்றார் கண்டக்டர். வழி முழுக்க அதைக் கட்டிப்பிடித்தபடியே வந்தேன்.

அதோடு சரி. ஜன்னல் ஓரம் வைத்தேன், இலை மஞ்சளாயிற்று. வெளிச்சம் போதவில்லையோ என்று மொட்டை மாடியில் வைத்தேன்; ஒரே மத்தியானத்தில் இரண்டு இலை தீய்ந்துவிட்டது. தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே தண்ணீர் ஊற்றினேன். மண்ணிலிருந்து பொடிப்பொடியாக ஈ கிளம்பி சாம்பாரில் விழுந்தது. எதிர் வீட்டில் டீத்தூள் போடச் சொன்னார்கள், போட்டேன். ஈ இன்னும் அதிகமானது.

எப்போது தண்ணீர், எவ்வளவு தண்ணீர் என்று ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வைத்திருக்கக் கூடாதா நீ? வயிற்று வலியையே மூன்று மாதம் யாரிடமும் சொல்லாதவள், செடிக்குத் தாகம் எடுக்கும் கிழமையை மட்டும் சொல்லிவிடுவாயா என்ன?

மாமா ஞாயிறுதோறும் போன் செய்வார். "எத்தினி எல இருக்கு செல்வி?" என்பதுதான் முதல் கேள்வி. "பதினொண்ணு மாமா" என்பேன். அப்போது இருந்தவை நான்கு.

போன மாதம் ஒரு நர்சரிக்காரம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "தெனமும் ஊத்துறீங்களா? கேக்காததுக்கு ஊத்திக்கினே இருந்தா வேரு அழுகாம இன்னா பண்ணும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நான் நல்லதுதானே செய்தேன் என்று அங்கேயே கத்த வேண்டும் போலிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. மாமாவே வந்து நின்றார், கையில் ஒரு பை மல்லாட்டைக் கடலையோடு. மறைக்க நேரமில்லை. ஹாலுக்குள் வந்தவர், மூன்று இலையோடு சாய்ந்து கிடந்த செடியைப் பார்த்தபடி நின்றார். நான் அழுதுகொண்டே, பொய் சொன்னதையெல்லாம் சொன்னேன். "அக்கா வளத்தத நான் சாவடிச்சிட்டேன் மாமா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "செல்வி, இது உங்கக்கா வளத்த செடியே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"அவ ஆஸ்பத்திரில இருந்தப்ப நான் பாண்டிக்கும் வீட்டுக்கும் போய்க்கினு வந்துக்கினு இருந்தேன். செடி ஞாபகமே இல்ல. காஞ்சி கருகிப் போச்சி. டிஸ்சார்ஜ் அன்னிக்கி காலைல ஜல்தியா ஓடி, அதே உசரத்துல ஒண்ணு வாங்கியாந்து வெச்சேன். கொம்போட சேத்து அவ பழைய பொடவைக் கிழிசலால கட்டியிருந்தா இல்ல, அத அவுத்து இதுல கட்டுனேன்."

"அப்பவே எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீ அத கட்டிப் புடிச்சிக்கினு நிக்கற. நான் எந்த வாயால சொல்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தொட்டியைத் தெருவில் வீசியிருப்பேன். பத்து மாதம், அக்கா, ஏதோ ஒரு நர்சரி வளர்த்ததற்காக! "அக்காவுக்குத் தெரியுமா?" என்றேன்.

மாமா கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாளு, செடிக்கிட்ட நாக்காலிய இழுத்துப் போடச் சொன்னா. ஒக்காந்துக்கினே நான் போட்ட முடிச்ச அவுத்தா. ஒதவிக்கு நான் கிட்ட போனா வேணான்னுட்டா. அவளே திரும்பக் கட்டுனா. ஒண்ணும் கேக்கல."

ஏன் கேட்கவில்லை? மாமா வருத்தப்படுவார் என்றா? கேட்கத் தெம்பில்லையா? எனக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உன்னோடு சண்டை போடக்கூட வழியில்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறாய்.

அன்றைக்கே இருவருமாகத் தொட்டியைக் கவிழ்த்தோம். அழுகல் நாற்றம் வீடு முழுக்க அடித்தது. கறுத்துக் குழைந்த வேரையெல்லாம் கத்தரித்தேன். "போதும் செல்வி, பாவம்" என்று மாமா சொல்லிக்கொண்டே பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு சாண் தண்டும் ஒரே ஒரு இலையும் நாலு வெள்ளை வேரும்தான் தேறின. தென்னை நாரும் மணலும் கலந்து சின்னத் தொட்டியில் வைத்திருக்கிறேன். நீ கட்டிய முடிச்சை அவிழ்க்க மனம் வராமல், கொம்பிலிருந்து அப்படியே உருவி எடுத்து அலமாரியில் வைத்தேன்.

இன்றோடு ஒன்பது நாள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன், அடியில் ஈரம் இருக்கிறது. சொம்பைக் கீழே வைப்பதற்குள் எனக்கு உயிர் போகிறது.

பிழைக்குமா, தெரியவில்லை. ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். இது செத்தால் அன்றைக்கே மாமாவுக்குப் போன் போட்டு, செத்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். அதே உயரத்தில் இன்னொன்று வாங்கி வைக்க மாட்டேன்.

இன்னும் கோபம் தீராத
உன் தங்கச்சி செல்வி